கொழுப்பு ஆபீஸ்

புதுச்சேரிக்குக் கொழுப்பு ஆபீஸ் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்று வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்தது. புறாக்கள் குடியிருந்த அந்த இடத்தில் ஒருநாள் புதிதாக மஞ்சள் பூசி, வாசலில் மூன்று மொழியில் பலகை மாட்டினார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே புரியவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சொல்தா வந்து, பிரெஞ்சு வரியை மூக்குக் கண்ணாடியோடு படித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் எழுத்துப் பிழை என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழ் மட்டும்தான் தெளிவாக இருந்தது. "கொழுப்பு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்."

கொழுப்பு என்றால் நம் ஊரில் முதலில் எது நினைவுக்கு வரும் என்று மொழிபெயர்த்த மகானுக்குத் தெரியவில்லை. அந்த வாரமே முதலியார்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் தன் மருமகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "மாப்ளைக்குக் கொழுப்பு ஏறிப் போச்சுங்க. இங்க விட்டுட்டுப் போனா எப்ப வந்து கூட்டிக்கலாம்?" என்று வாசலிலேயே கேட்டார். காவலாளி கோவிந்தசாமி அவரைத் திருப்பி அனுப்பப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்குப் பிறகும் வாத்தியாரை எதிர்த்துப் பேசின பையன்கள், வாடகை தராத குடித்தனக்காரர்கள், ஒரு கவுன்சிலர் என்று வரத்து நிற்கவில்லை.

உண்மையில் உள்ளே நடந்தது, அதாவது நடப்பதாகச் சொல்லப்பட்டது, வேறு வேலை. உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் செல்லுக்குக் கொழுப்பணு என்று பெயர். ஒரு சாதாரண செல் எப்படிக் கொழுப்பணுவாக வளர்கிறது, அதற்கு எந்த ஜீன் திறக்க வேண்டும், எது மூட வேண்டும், திறப்பதையும் மூடுவதையும் எது தீர்மானிக்கிறது என்று ஆராய்வதற்காகத்தான் அத்தனை குளிர்சாதனப் பெட்டியும், அத்தனை காரும்.

இந்த ஆபீசுக்குத்தான் பாக்யலட்சுமி தன் மகள் சுவேதாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பாக்யலட்சுமிக்கு ஊர் பிள்ளைச்சாவடி. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையில் ஏலம் எடுத்து, பெரிய மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்பவள். சுவேதாவுக்கு ஏழு வயது. உடம்பில் ஒரு பொட்டுக் கொழுப்பு கிடையாது. கன்னம் ஒட்டி, கை காலில் நரம்பு புடைத்து, பார்க்கிறவர்களுக்குப் பயில்வான் பொம்மை மாதிரி இருப்பாள். ஆனால் பசி மட்டும் அடங்காது. ஒரு சட்டி சோறு தின்றுவிட்டு "இன்னும்மா" என்பாள். "போதும்" என்ற வார்த்தையை அந்தப் பிள்ளை சொல்லி யாரும் கேட்டதில்லை. ஊரோ, பெற்றவள் பிள்ளைக்குச் சோறு போடாமல் காசு சேர்க்கிறாள் என்று பேசியது. மாமியார் வீட்டார் அதை அவள் காதுபடவே பேசினார்கள். பாக்யலட்சுமி மார்க்கெட்டில் வாய்க்குப் பேர்போனவள். இந்தப் பேச்சு வந்தால் மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சிவசங்கரிதான் முதலில் விளங்கச் சொன்னார்.

"நீ ஏலத்துல மீன் எடுக்கறே. ஐஸ் பெட்டி இல்லன்னா என்னா பண்ணுவே?"

"வெளியில கெடந்து நாறும் மேடம்."

"அதேதான். உன் பொண்ணு உடம்புல ஐஸ் பெட்டி இல்ல. கொழுப்ப வைக்கிற செல்லு வளரவே இல்ல. அதை வளர்க்கிற ஜீன் எதுவோ பழுது. அதனால சாப்பிடறதெல்லாம் ரத்தத்துலயும் ஈரல்லயும் போய்த் தங்குது. வயிறு நிறைஞ்சதுன்னு மூளைக்குச் சொல்றதும் அந்தச் செல்லுதான். அதுவே இல்லாததால பசி நிக்கல. நீ சோறு போடாததால இல்ல."

பாக்யலட்சுமி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர், தப்பு உன்மேல் இல்லை என்று சொல்லியிருந்தார்.

இதற்கு ஒரு ஊசி இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, ஏழைப் பிள்ளைகளுக்கு இரக்கப்பட்டு இலவசமாகவே அனுப்பும். எந்த ஜீன் பழுது என்று எழுத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஈரல் வீங்கிக்கொண்டே போகிறது, சர்க்கரை ஏறுகிறது, பொங்கலுக்குள் ஊசி வந்தாக வேண்டும் என்றார் டாக்டர். ரத்தம் ஏற்கெனவே கொழுப்பு ஆபீசுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடிதம் போட்டும் போன் போட்டும் பதில் இல்லை. "நேர்ல போய்க் கேளு பாக்கியம். பெத்தவங்க கேட்டா குடுப்பாங்க" என்றார். படித்தவர்களுக்கு உலகத்தின்மேல் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கும்.

வாசலில் கோவிந்தசாமி மறித்தார்.

"எதுக்கு வந்தே?"

"எம் பொண்ணுக்குக் கொழுப்பு இல்லீங்க."

"பெத்தவங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார் அவர், பல நாள் அனுபவத்தில்.

ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டியதும் உள்ளே விட ஒப்புக்கொண்டார். அதற்கு முன் ஒரு சடங்கு. யார் வந்தாலும் வாசலில் இருக்கும் மெஷின் மேல் ஏற வேண்டும். உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று அது சொல்லும். அதை எழுதி வாங்கியவர்தான் உள்ளே போகலாம். கணக்கு கூடுதலாக வந்தவர்களுக்கு நாற்காலியும் உண்டு, அவர்களால்தான் மையத்துக்கு வாழ்வு என்பதால். சுவேதா ஏறியதும் மெஷின் ஒரு முறை கத்திவிட்டு அணைந்துவிட்டது.

"பாப்பா உள்ள போக முடியாது. மெஷின்ல ஒண்ணும் காட்டல. காட்டலன்னா ஆள் வரலன்னு அர்த்தம்."

"ஆள்தான் எதுர்ல நிக்குதே."

"நிக்குது. எனக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியலையே."

கடைசியில் பாக்யலட்சுமி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். மெஷின் இரண்டு பேரையும் ஒரே ஆளாக ஏற்றுக்கொண்டது. கோவிந்தசாமி அந்தக் கணக்கைச் சரிபாதியாக வகுத்து, ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தார். கொழுப்பே இல்லை என்று நிரூபிக்க வந்த பிள்ளைக்குக் கொழுப்பு அளவாக இருக்கிறது என்று சான்று கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியவர் பாலகுரு. அவர் மேசைமேல் இருந்த பலகையில் "முதன்மை அடக்கி" என்று எழுதியிருந்தது. பாக்யலட்சுமி அதைப் படித்துவிட்டு, உட்காரலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே நின்றாள். பாலகுருவே விளக்கினார். அவருக்கு விளக்குவது பிடிக்கும், விளக்கினால் வேலை செய்ய வேண்டியதில்லை.

"இந்த ஆபீஸ் மத்த ஆபீஸ் மாதிரி இல்லம்மா. ஜீன் எப்படி நடக்குதோ அப்படித்தான் எங்க நிர்வாகமும் நடக்குது. டைரக்டர் கண்டுபிடிச்ச முறை. ஜீன் சும்மா திறக்காது. சுருட்டித்தான் வெச்சிருக்கும். அதை இழுத்துத் திறக்கறதுக்கு ஒரு தூண்டி வேணும். திறக்காம பாத்துக்கறதுக்கு அடக்கி வேணும். இங்க நாலு அடக்கி இருக்கோம். நான் முதன்மை."

"அந்தத் தூண்டி யாரு சார்? அவரப் பாக்கறேன்."

"அந்தப் போஸ்ட் காலியா இருக்குது."

"எப்ப சார் போடுவாங்க?"

"ஆள் எடுக்கறதுக்கு உத்தரவு வேணும். அந்த உத்தரவைத் தூண்டிதான் திறக்கணும்" என்றார் பாலகுரு. அவர் முகத்தில் வருத்தம் இல்லை, சிரிப்பும் இல்லை.

அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய, சிவப்புத் துணியில் இறுகச் சுருட்டிய கட்டுகள் இருந்தன. அதில் ஒன்றில்தான் தன் மகளின் ரத்தம் என்ன சொன்னது என்று இருக்கிறது என்பது பாக்யலட்சுமிக்குத் தெரிந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

"ரிசல்ட்டு வந்துடுச்சா சார்? அதயாவது சொல்லுங்க."

"வந்துடுச்சான்னு சொன்னாலே பாதி திறந்த மாதிரி" என்றார் முதன்மை அடக்கி.

மார்கழி முழுக்க அவள் அலைந்தாள். விடியலில் தேங்காய்த்திட்டு, பிறகு மார்க்கெட், மதியம் சேலையை மாற்றிக்கொண்டு கொழுப்பு ஆபீஸ். மாற்றிய பிறகும் மீன் வாடை இருக்கிறது என்று இரண்டாம் அடக்கி மூக்கைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் அடக்கி, ரத்தம் கொடுத்த ஆளே நேரில் வந்து கேட்க வேண்டும் என்றார். சுவேதாவை முன்னால் நிறுத்தியதும், இது கேட்கத் தெரியாத வயது என்றார். நான்காம் அடக்கியை அவளால் பார்க்கவே முடியவில்லை. அவர் தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் டைரக்டர் மதிவாணன் காரிலிருந்து இறங்கும்போது அவரையே மறித்துவிட்டாள். நல்ல பருத்த மனிதர், நல்ல குரல். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரிசல்ட் இருக்கிறதம்மா. ஆனால் அது நோயாளியின் அந்தரங்கம். நோயாளியின் சம்மதம் இல்லாமல் மூன்றாவது மனிதருக்குச் சொல்வது அறிவியல் அறத்துக்கு விரோதம்."

"மூணாவது மனுசி யாரு சார்?"

"நீங்கள்."

"நான் பெத்தவ சார்."

"அதனால்தான் இன்னும் எச்சரிக்கையாக இருக்கிறோம். குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆனதும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அப்போதே கொடுத்துவிடலாம்."

அதுவரைக்கும் அந்த ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவள் சொன்னாள். டைரக்டர் அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று பஸ்ஸில் வரும்போது சுவேதா, அம்மா ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை. பொரி உருண்டை வாங்கித் தரச் சொல்லித்தான் கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு வேறு எதையும் யோசிக்க அந்தப் பசி விட்டதில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஆபீசிலிருந்தே ஆள் வந்தது. மையத்தின் ஆண்டு விழா, "கொழுப்பணுத் திருநாள்". அதில் சுவேதா மேடையில் உட்கார வேண்டுமாம். கடைசியில் ரிசல்ட்டைக் கொடுக்கப்போகிறார்கள் என்று பாக்யலட்சுமி நினைத்தாள். புருஷன் ராஜவேலுவைக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்தி, மகளுக்குப் புதுப் பாவாடை சட்டை வாங்கி, குடும்பத்தோடு போனாள்.

விழா மண்டபத்தின் மேடைக்குப் பின்னால் ஒரு பேனர் தொங்கியது. நம் ஊரில் காதுகுத்துக்கே தெருவை அடைத்துப் பேனர் வைப்பார்கள். அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் பேனர் அது. முக்கால் பாகம் டைரக்டர் மதிவாணனின் முகம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி ஒரு பெரிய கொழுப்பணு. அவருக்குக் கீழே கைகட்டி நாலு அடக்கிகள். ஒரு மூலையில் சுவேதாவின் படம். அந்தரங்கம் காக்க வேண்டும் என்பதால் அவள் கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். அதற்குக் கீழே அவள் பெயர், அப்பா பெயர், பிள்ளைச்சாவடி, தெரு, எல்லாம் இருந்தது. அதற்கும் கீழே ஏதோ ஆங்கிலத்தில் நீளமாக. பக்கத்தில் மையத்தின் முத்திரை, டைரக்டரின் கையெழுத்து.

டைரக்டர் பேச எழுந்தார். அவர் பேச்சை என்னால் முடிந்த அளவு அப்படியே தருகிறேன், கூட்டியும் குறைத்தும் சொன்னால் பாவம்.

"பெருமக்களே. ஒரு செல் தானாக எதுவும் செய்வதில்லை. உத்தரவு வரும்வரை காத்திருக்கிறது. இந்தப் பண்பைத்தான் நான் என் ஊழியர்களிடம் வளர்த்திருக்கிறேன். இளம் செல் மெலிந்து துடிப்பாக இருக்கும். அது எலும்பாகவும் ஆகலாம், கொழுப்பாகவும் ஆகலாம். தலைமை ஜீன் திறந்துவிட்டால் அது கொழுப்பணு ஆவதென்று முடிவுசெய்துவிடும். பிறகு பின்வாங்காது. நானும் அரசுப் பணியில் சேர்ந்த அன்று அப்படித்தான் முடிவுசெய்தேன்." கைதட்டினார்கள்.

"தலைமை ஜீன் தனக்கொரு துணை ஜீனைத் திறந்துவிடுகிறது. துணை ஜீன் நன்றி மறக்காமல் தலைமை ஜீனை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. நானும் பாலகுருவும் அப்படித்தான். அவர் என் பதவி நீட்டிப்புக்கு எழுதுவார், நான் அவர் பதவி உயர்வுக்கு எழுதுவேன். செல்லில் எண்ணெய் சேரச் சேர, உத்தரவுகள் பிறக்கும் உட்கரு ஓரமாகத் தள்ளப்பட்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறது. முழுமையடைந்த செல்லுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நம் மையமும் இந்த ஆண்டு அந்த முழுமையை அடைந்துவிட்டது என்று பெருமையோடு சொல்கிறேன்." மறுபடி கைதட்டினார்கள். இரண்டாம் அடக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மேடையில் இருக்கும் சிறுமியிடம் கொழுப்பே இல்லை. ஏன்? அவளுடைய செய்பின் என்னும் ஜீன் பழுது. கொழுப்பணு வளர அது அவசியம். ரத்தம் வந்த மாதமே இதைக் கண்டுபிடித்துவிட்டோம். வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதினேன். விருது பெற்றேன். அந்த விருதைப் பெறத்தான் போன வருடம் வெளிநாடு போயிருந்தேன்."

பாக்யலட்சுமிக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. செய், பின் என்று, அதாவது அப்புறம் செய் என்று அவள் காதில் விழுந்தது. இவர்கள் ஆபீசுக்கு நல்ல பெயர்தான் என்று நினைத்தாள். பிறகுதான், போன வருஷமே தெரிந்த ஒன்றுக்காகத் தன்னை மார்கழி முழுக்க நடக்கவிட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. மேடையில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க உத்தரவு வந்திருக்கவில்லை.

"சார், இப்ப மைக்குல சொன்னத ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. அது போதும்."

டைரக்டர் புன்னகையை மாற்றாமல் சொன்னார். "மேடையில் சொல்வது அறிவிப்பம்மா. காகிதத்தில் எழுதினால் ஆவணம். ஆவணம் அந்தரங்கம்."

"ஊருக்கே சொல்லிட்டு எனக்கு மட்டும் ரகசியமா? எம் புள்ள செத்துப் போச்சுன்னா அதயும் மைக்குலதான் சொல்லுவீங்களா?"

டைரக்டர் பாலகுரு பக்கம் திரும்பி மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மைக் சட்டைப் பையில் செருகியிருந்தது. "இந்தப் பொம்பளைக்கு என்ன கொழுப்பு பாரு" என்றது மண்டபத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

"இருக்குது சார்" என்றாள் பாக்யலட்சுமி. "எனக்கு நெறைய இருக்குது, உங்களுக்கும் இருக்குது. எம் பொண்ணுக்குத்தான் இல்ல. என்னோடத அறுத்துக் குடுக்க முடிஞ்சா உங்க வாசப்படிய மிதிப்பனா?"

அதற்கு டைரக்டரிடம் பதில் இருந்திருக்கும், அவர் பதிலுக்குக் குறைவில்லாதவர். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பிரியாணி வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். மேடை காலியானது. நாலு அடக்கிகளும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பாலகுரு ஒரு தட்டை முடித்துவிட்டு மறுபடி வரிசைக்கு வந்தார், மறுபடியும் வந்தார். எண்ணெய்ச் சோறு ஆகாத சுவேதா, அம்மா கட்டிக்கொண்டு வந்த சுண்டலை ஒரு மூலையில் உட்கார்ந்து தின்று முடித்து, காலி டப்பாவை நீட்டி "இன்னும்மா" என்றாள். பாக்யலட்சுமி அவளையும் பார்த்தாள், வரிசையையும் பார்த்தாள். இந்தப் பிள்ளையின் பசிக்காவது டாக்டர் ஒரு காரணம் சொன்னார்.

ராஜவேலு இதற்குள் பேனரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். மீனவனுக்குப் பேனர் என்பது படிக்கிற பொருள் இல்லை. தேர்தல் முடிந்தாலும் திருவிழா முடிந்தாலும் அதை அவிழ்த்து வந்து வலையையும் என்ஜினையும் மூடுவதுதான் பழக்கம்.

"தடிப்பான சரக்கு. வல மூடலாம்" என்றான்.

பாக்யலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். மகளின் படம், பெயர், ஊர், கீழே ஆங்கிலம், முத்திரை, கையெழுத்து. அவள் கோவிந்தசாமியிடம் போனாள்.

"அண்ணே, இத அவுக்கணும்னா யாரக் கேக்கணும்?"

கோவிந்தசாமி யோசித்தார். "மாட்டறதுக்குத்தாம்மா நாலு பேரு கையெழுத்து. அவுக்கறதுக்கு யாருமே உத்தரவு போட்டதில்ல. அதான் பழசெல்லாம் மழையில கிழியிற வரைக்கும் தொங்குது." சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் புருஷனும் பெண்டாட்டியும் டைரக்டரைச் சுருள் பிரித்தார்கள். வராந்தா போதவில்லை, தாடை படிக்கட்டில் வழிந்தது. டாக்டர் சிவசங்கரி செருப்பைக் கழற்றிவிட்டு நெற்றியிலும் மூக்கிலும் நடந்து மூலைக்குப் போய், குனிந்து ஆங்கிலத்தைப் படித்தார். செய்பின் ஜீன், பழுது இருக்கும் இடம், வகை, எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரு வருஷமாக அவர் கேட்டதைவிடக் கூடுதலாகவே இருந்தது. போட்டோ எடுத்து அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

கொழுப்பு ஆபீஸ் அதுவரை காட்டாத வேகத்தைக் காட்டியது. இரகசிய ஆவணம் திருட்டு என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். ஆவணத்தின் நீள அகலம் என்ன, எங்கே பூட்டி வைத்திருந்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மேடையில் தொங்கவிட்டிருந்தோம் என்று எழுதிக் கொடுக்க நாலு அடக்கிகளில் ஒருவரும் முன்வராததால் புகார் அப்படியே சுருண்டு கிடக்கிறது.

பொங்கல் கழிந்து கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. சான்றை ஏற்றுக்கொண்டோம், மருந்து அனுப்புகிறோம், அடுத்த முறை கொஞ்சம் சிறிய தாளில் அனுப்பினால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். பேனர் இப்போது பிள்ளைச்சாவடியில் ராஜவேலுவின் வலைமேல் கிடக்கிறது. டைரக்டரின் கன்னத்தில் நெத்திலி காய்கிறது.

ஊசி போட ஆரம்பித்துச் சில வாரம் ஆகியிருக்கும். பாக்யலட்சுமி இட்லி அவித்துத் தட்டில் வைத்துவிட்டு, வழக்கம்போல அடுத்த ஈடுக்கு மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். தட்டில் ஒன்றரை இட்லி அப்படியே இருந்தது. சுவேதா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தனக்கே புதிதாக இருந்த ஒன்றைச் சொல்வது போல மெல்லச் சொன்னாள்.

"போதும்மா."